மூச்சு விடாத பேச்சு

உலகம்மாளின் காதை ஏமாற்ற இனிமேல் ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்பது அந்த வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. அவளும் அதை மறுத்ததில்லை. போனில் ஒருவர் "அம்மா" என்று ஆரம்பித்தாலே அது அழுகையா, அழுகை மாதிரியா என்று சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் யாராவது தொண்டையைச் செருமினால் "இவன் நாளைக்கு லீவு கேப்பான் பாரு" என்பாள். மறுநாள் அவன் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

அந்தக் காது சும்மா வரவில்லை. நாலு வருஷத்துக்கு முந்திய வெள்ளத்தில், "பிள்ள தண்ணியில போகுது" என்று ஒரு குரல் கதறியது. உலகம்மாள் பதறிப்போய்க் கையில் இருந்த ஒரே படகை அனுப்பினாள். படகு போய்ச் சேர்ந்த இடத்தில் முழங்கால் தண்ணீரும் நாலு எருமையும் நின்றன. எங்கேயோ சொகுசாக உட்கார்ந்திருந்த ஒரு புண்ணியவான், பழைய 'துளி' ஒன்றின் சத்தத்தைப் போனில் ஓடவிட்டிருக்கிறான். அரசாங்கம் ஏமாறுவதையே இன்னொரு துளியாக எடுத்தும் போட்டான். நாற்பது லட்சம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். அதே நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூரைமேல் ஏறி நின்ற ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் படகுக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கூரையோடு போனார்கள். அந்த இரண்டு பேருடைய பெயரும் உலகம்மாளுக்கு இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

துளி என்பது எல்லோர் செல்போனிலும் கிடக்கிற ஒரு செயலியில் வருகிற பதினைந்து நொடிப் படம். பதினைந்து நொடிக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டுமே, அதனால் பேசுகிறவர் மூச்சு விடும் இடங்களைச் செயலியே நறுக்கி எறிந்துவிடும். ஒரு வாக்கியத்தின் வாலில் அடுத்த வாக்கியத்தின் தலை ஒட்டிக்கொண்டு ஓடும். உலகம்மாள் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

"நெசமாப் பயந்தவன் மூச்சு வாங்குவான் சாகுல். வெட்டி ஒட்டின குரலுக்கு மூச்சே கெடையாது. அதை வச்சு ஒரு மிஷினு செய்ய முடியுமா உன்னால?"

கணினிப் பிரிவில் இருந்த சாகுல் அமீது ஆறு மாதத்தில் செய்துவிட்டான். அதற்குச் சல்லடை என்று பெயர். வருகிற ஒவ்வொரு அழைப்பையும் சலித்து, நிஜம் என்றால் பச்சை, ஒட்டு என்றால் சிவப்பு காட்டும். அதற்குப் பாடம் நடத்தியவள் உலகம்மாள். மூன்று வருஷம், தினம் எட்டு மணி நேரம், காதில் மாட்டிக்கொண்டு துளி துளியாகக் கேட்டு, இது இன்னது இது இன்னது என்று இரண்டு லட்சம் குரலுக்கு அடையாளம் போட்டாள். வேறொரு மனுஷிக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டாயிற்று. ஆனால் நம் ஊரில் மழைக்குப் பள்ளிக்கூடம் மூடும், டியூஷன் மூடுமா? பொதுத்தேர்வு வருஷம் என்றால் பெற்றவர்களே குடையைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். பூவுடையாள்புரத்திலும் அப்படித்தான், சின்ன வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்தே விட்டுவிட்டு வந்தார்கள்.

காலை ஒன்பது நாற்பதுக்கு ஒரு அழைப்பு சிவப்பில் விழுந்தது. சிவப்பில் விழுந்தவற்றில் இருபதுக்கு ஒன்றை மனிதக் காது கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஒன்று அது. உலகம்மாள் கேட்டாள்.

"ஹாய் நான் தருணிகா பூவுடையாள்புரம் இதை நீங்க நம்பவே மாட்டீங்க எங்க டியூஷனுக்குள்ள குளத்துத் தண்ணி வந்துடுச்சு வேற லெவல்ல ஏறிட்டே இருக்கு பத்தொம்பது பேர் இருக்கோம் சார் கீழே படியில நின்னு சின்னப் பசங்களைத் தூக்கி விட்டுட்டு இருக்காரு யாராச்சும் வாங்க இதை எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க."

நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு இல்லை.

"ஷேர் பண்ணணுமாம்லா!" என்றாள் உலகம்மாள். "வெள்ளத்துல நிக்கவ பேசுத பேச்சா இது? சவத்தெளவு." 'வெட்டி ஒட்டியது' என்று அடையாளம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. மிஷினும் சொல்கிறது, காதும் சொல்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?

பக்கத்து இருக்கையில் பிரதிஷா இருந்தாள். இருபத்து மூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். பழைய காலத்து வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசுவாள். அந்தத் தலைமுறையிலும் இப்படி ஒரு பிள்ளையா என்று உலகம்மாளுக்கு அவள்மேல் தனிப் பிரியம். பத்து ஐம்பதுக்கு அதே எண்ணிலிருந்து இன்னொரு சிவப்பு விழுந்து, இந்த முறை பிரதிஷாவின் பங்கில் வந்தது. அவள் கேட்டாள். கேட்டுவிட்டு ஒலிபெருக்கியில் மறுபடி போட்டாள்.

"ஹாய் மறுபடியும் நான்தான் தண்ணி கீழ ஜன்னலைத் தாண்டி மாடிக்கும் வந்துடுச்சு சுவத்துல விரிசல் விட்டிருக்கு சாரைக் காணோம் கூப்பிட்டுப் பார்த்துட்டோம் பதில் இல்ல சின்னப் பசங்க அழுறாங்க நாங்க எல்லாம் மேசை மேல நிக்கிறோம்."

"மேடம். இந்தப் பெண். பொய் சொல்லவில்லை," என்றாள் பிரதிஷா.

"நானும் காலையில கேட்டேன் பிள்ள. மூச்சைக் கேட்டியா? எங்கயாவது உண்டா?"

"இல்லை மேடம். ஆனால்…"

"அப்புறம் என்ன ஆனால்? மூணு படகுதான் இருக்கு. குறிச்சியில அறுவது பேரு கூரையில நிக்காவ, அத்தனையும் பச்சை. இவ வெளையாட்டுக்கு ஒரு படகை அனுப்பிட்டு, நான் இன்னும் ரெண்டு பேரைக் கொல்லணுமா?"

பிரதிஷா சட்டென்று எழுந்து நின்றாள். அவள் வாயிலிருந்து வந்த பேச்சு, எட்டு மாதமாக அந்த அறை கேட்டே இராத பேச்சு.

"அவளுக்கு மூச்சே அப்படித்தான் மேடம் எங்க எல்லாருக்கும் அப்படித்தான் ரெண்டு வயசுல இருந்து துளியைப் பார்த்துத்தான் பேசவே கத்துக்கிட்டோம் அதுல மூச்சு விட்டுப் பேசுறவங்களை நாங்க பார்த்ததே இல்ல பேசும்போது மூச்சு விடக் கூடாதுன்னே நெனச்சுக்கிட்டோம் பேசி முடிச்சுட்டு மொத்தமா விடுவோம் அது செத்த குரல் இல்ல மேடம் அதுதான் எங்க குரல்."

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாகுல் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தான்.

"அப்ப இத்தன நாளா நீ பேசினது?" என்றாள் உலகம்மாள்.

"நடிச்சேன் மேடம் சல்லடையில பச்சை வந்தாத்தான் இந்த வேலைன்னு சொன்னாங்க ஆறு மாசம் பயிற்சிக்குப் போனேன் ஒரு வாக்கியம் முடிஞ்சா மனசுக்குள்ள ரெண்டு எண்ணிட்டுத்தான் அடுத்ததை ஆரம்பிக்கணும்." அவள் கண் கலங்கியது. "நாங்க விளையாட்டுக்குப் பேசினா கடைசி எழுத்தை மேல தூக்கி விடுவோம் மேடம் இவ எல்லாத்தையும் கீழ போடுறா எங்க பேச்சுல அதுதான் அழுகை நல்லாக் கேளுங்க."

உலகம்மாள் கேட்டாள். அவள் காது நல்ல காதுதான், அதில் பழுதில்லை. என்ன தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு அது கேட்டது. காணோம், இல்ல, நிக்கிறோம் என்று ஒவ்வொன்றும் கிணற்றில் விழுந்த கல்லைப் போல இறங்கியது. சாரைக் காணோம் என்கிறாள். ஒன்பது நாற்பதுக்கு அந்த மனுஷன் படியில் நின்றிருக்கிறார்.

அந்த எண்ணுக்கு அவளே போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"தாயி, நான் கட்டுப்பாட்டு அறையில இருந்து பேசுதேன். கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசு. அப்பதான் மிஷினு…"

"எனக்கு வேற மாதிரி பேசத் தெரியாது மேடம் நான் இப்படித்தான் பேசுவேன் எங்கம்மாகிட்டயும் இப்படித்தான் பேசுவேன் தயவுசெஞ்சு நம்புங்க."

பிரதிஷா போனை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் பேசியதில் பாதி உலகம்மாளுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவு வேகம். இருபது நொடியில் எல்லாம் வந்துவிட்டது. கட்டடம் குளத்துக் கரையை ஒட்டி இருக்கிறது, மேற்குச் சுவர் சாய்கிறது, பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு பேருக்கு ஒன்பது வயதுதான்.

உலகம்மாள் படகுகளோடு பேசுகிற வயர்லெஸ் கருவியைக் கையில் எடுத்தாள். மீனவர் செல்சன் பர்னாந்தும் அவர் ஆட்களும் செல்போன்களை நனைந்துவிடும் என்று கரையில் விட்டுவிட்டுத்தான் படகேறுவார்கள். இந்த ஒரு கருவிதான் வழி. போன தடவை கலெக்டர் குரலிலேயே ஒருவன் போலிக் கட்டளை கொடுத்துப் படகைத் திருப்பிய பிறகு, அறையிலிருந்து போகிற கட்டளைகளும் சல்லடை வழியாகத்தான் போகும். பேசுவது யார் என்று அது பார்க்காது, குரலை வைத்து ஆளை அடையாளம் காணக் கூடாது என்று கோர்ட் தடை இருக்கிறது. பேச்சு நிஜமா ஒட்டா என்று மட்டும் பார்க்கும். காலையிலிருந்து உலகம்மாள் சாவகாசமாகக் கொடுத்த இரண்டு கட்டளையும் பச்சையில் போயிருந்தன.

"செல்சன் அண்ணாச்சி உலகம்மா பேசுதேன் ரெண்டாம் படகை உடனே பூவுடையாள்புரத்துக்குத் திருப்புங்க குளத்தங்கரை டியூஷன் மாடியில பத்தொம்பது பிள்ளைய நிக்கு சுவரு சாயுது சீக்கிரம் போங்க."

சிவப்பு. 'ஒட்டுக் குரல். கட்டளை அனுப்பப்படவில்லை' என்று திரையில் எழுத்து வந்தது.

"என்ன சாகுல் இது? கெட்டுப் போச்சா?"

"இல்ல மேடம், ஒழுங்காத்தான் ஓடுது. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். சிவப்பு. மூன்றாவது தடவை கத்தினாள். முன்னைவிட அழுத்தமான சிவப்பு. சாகுல் அவள் குரலைத் திரையில் விரித்துப் பார்த்தான். முதலிலிருந்து கடைசிவரை ஒரே கோடு, நடுவில் ஒரு இடைவெளி இல்லை.

"மேடம்…" என்று இழுத்தான். "நீங்களும் மூச்சு விடல."

"நானா?"

"ரெண்டு லட்சம் துளி கேட்டிருக்கீங்க. அடுப்படியிலயே நிக்குறவங்க சேலையில தாளிச்ச வாசம் ஏறாமப் போகுமா? சும்மா பேசும்போது தெரியல. பதறும்போது வெளிய வந்துட்டு."

"அப்ப இந்த எழவை அமத்து!"

"சாவி தலைமையிடத்துல இருக்கு. கேட்டு வாங்க ஒரு மணி நேரம் ஆகும்."

உலகம்மாள் மூச்சு விட்டுப் பேச முயன்றாள். எங்கே விடுவது என்று யோசித்தால் வார்த்தை போனது. வார்த்தையைப் பிடித்தால் மூச்சு போனது. நாற்பத்து நாலு வருஷமாகத் தானாக வந்துகொண்டிருந்த காரியம், இப்போது கேட்டால் வரமாட்டேன் என்கிறது.

"குடுங்க அக்கா," என்றாள் பிரதிஷா. அவள் உலகம்மாளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கட்டளை கொடுக்கிற அதிகாரம் அவளுக்கு இல்லை. அவள் பெயரில் சொன்னால் செல்சன் படகைத் திருப்பமாட்டார். கருவியை வாங்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"வணக்கம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து. உலகம்மாள் பேசுகிறேன்." ஒன்று, இரண்டு என்று விரலால் மேசையில் தட்டிக்கொண்டாள். "இரண்டாம் எண் படகை. பூவுடையாள்புரத்துக்குத் திருப்புங்கள். குளத்தங்கரை டியூஷன் மாடியில். பத்தொன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்."

பச்சை. நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது. காலையிலிருந்து வந்த எந்த நிஜத்துக்கும் சல்லடை இத்தனை மதிப்பெண் போடவில்லை.

"சரிங்க மேடம், திருப்பிட்டோம்," என்றது செல்சனின் குரல்.

அதற்குப் பிறகு உலகம்மாள் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. சிவப்பில் கிடந்த இருநூற்றுச் சொச்சம் அழைப்புகளையும் முதலிலிருந்து போடச் சொன்னாள். பிரதிஷாவும், அவள் வயதுக்காரர்கள் இன்னும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பங்காகக் கேட்டார்கள். கடைசி எழுத்து எங்கே கீழே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கியதில் இன்னும் மூன்று நிஜம் கிடைத்தது. மூன்றுக்கும் படகு போயிற்று. மூன்று கட்டளையும் 'உலகம்மாள்' கொடுத்தது.

பன்னிரண்டரைக்குச் செல்சன் கரைக்கு வந்து செல்போனில் கூப்பிட்டார்.

"பத்தொம்பது பிள்ளையளையும் எறக்கியாச்சு மேடம். நாங்க எடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள மேற்குச் சுவரு விழுந்துட்டு. ஒண்ணுக்கும் ஒரு கீறல் கெடையாது, மாதா புண்ணியம். வாத்தியாருதான் வாசல் கேட்டுப் பக்கத்துல முள்வேலியில கெடந்தாரு. உசுரு போயி ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கும். கடைசிப் பிள்ளையத் தூக்கி மேல விட்டுட்டு எறங்கினாராம், கேட்டைத் தொறந்து விட்டா தண்ணி போயிரும்னு. பேரு ஆவுடையப்பனாம்."

உலகம்மாள் போனை வைத்தாள். ஒன்பது நாற்பதுக்கு அவர் படியில் நின்றிருக்கிறார். அப்போது படகு நின்ற இடத்திலிருந்து பூவுடையாள்புரத்துக்கு இருபது நிமிஷம். கணக்குப் போட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வாய்விட்டு அழுதாள். யாரும் போய்த் தேற்றவில்லை.

நாலு மணிக்குத் தலைமையிடத்திலிருந்து இணை இயக்குநர் கூப்பிட்டார். உற்சாகமான மனுஷன்.

"மேடம், பிரமாதம்! பதினோரு மணிக்கு நீங்க கொடுத்த கட்டளையைக் கேட்டேன். அந்தப் பதற்றத்துலயும் என்ன தெளிவு, என்ன நிதானம்! அடுத்த சல்லடை மாநிலம் முழுக்க வருது. உங்க அந்தக் குரலையே அதுக்கு மாதிரியா வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

உலகம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தக் குரலை மாதிரியாக வைத்தால், இனி ஒரு தருணிகாவின் பேச்சும் எந்த ஊரிலும் பச்சையாகாது.

"சார் அது என் குரல் இல்ல சார் அதை வைக்காதீங்க காலையில ஒன்பது நாப்பதுக்கு ஒரு பிள்ள நெசமாக் கூப்பிட்டா நான்தான் பொய்னு ஒதுக்கினேன் ஒரு வாத்தியாரு என்னாலதான் செத்துப் போனாரு சார் மிஷினு தப்பு நான் சொல்லிக் குடுத்ததே தப்பு…"

தலைமையிடத்துப் போன்களிலும் சல்லடை உண்டு.

"யார் பேசுறது?" என்றார் இணை இயக்குநர். இப்போது குரலில் உற்சாகம் இல்லை. "இங்க சிவப்பு காட்டுது. ஒரு அதிகாரி பேரைச் சொல்லி, சாவைச் சொல்லி விளையாடுறீங்களா? உள்ள போயிடுவீங்க. உலகம்மாள் மேடத்தைக் கூப்பிடுங்க முதல்ல."

"நான்தான் சார் உலகம்மா நான்தான் பேசுதேன்…"

"அவங்களைக் கூப்பிடுங்கன்னு சொன்னேன்."

உலகம்மாள் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மேசையில் கிடந்த படிவத்தைத் திருப்பிப் போட்டு மளமளவென்று எழுதினாள். ஒன்பது நாற்பது, ஆவுடையப்பன், ஒதுக்கியது யார், மாதிரியாக வைக்க வேண்டியது எந்தப் பிள்ளையின் குரல், எல்லாம் நாலே வரி. எழுதியதைப் பிரதிஷாவிடம் நீட்டினாள்.

பிரதிஷா படித்தாள். "இதைச் சொன்னா உங்க வேலை போயிரும் அக்கா கேஸ்கூடப் போடுவாங்க."

"அந்த மனுஷன் பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாமா, யாராலன்னு? சொல்லு பிள்ள. எம்பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும், மறந்துராத."

பிரதிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை வாங்கினாள். மெதுவாக ஒரு மூச்சை உள்ளே இழுத்து, மனசுக்குள் இரண்டு எண்ணினாள்.

"வணக்கம் சார். உலகம்மாள் பேசுகிறேன்."

"ஆங், இப்பதான் உங்க குரல்!" என்றார் அவர். "யாரோ விஷமி லைன்ல பூந்துட்டாங்க மேடம். நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்."